யாருடைய கண் என்று முதலில் கேளுங்கள்

மொழிபெயர்ப்பாளர் மேசையின் இடது இழுப்பறை தானாக மூடாது. முழங்காலால் ஒரு இடி கொடுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் நான் உத்தரவாதத்தோடு சொல்லக்கூடிய தகவல் இது ஒன்றுதான். இதற்கு மேல் சொல்வதெல்லாம் என் அனுபவம். பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கலாம்.

மதுரையில் நம் கண் மருத்துவமனையில் பதினேழு வருடம் நின்றேன். உஸ்பெகிஸ்தானிலிருந்து கண் பார்க்க வருகிறவர்களுக்கும் நம் மருத்துவர்களுக்கும் நடுவே நிற்கிற வேலை. ஒரு குடும்பம் எப்படியோ வந்து, குணமாகி, ஊருக்குப் போய்ச் சொல்லி, பிறகு அவர்களுடைய சித்தப்பா, பெரியம்மா, அடுத்த தெரு, அடுத்த ஊர் என்று நூல் பிடித்தது போல வந்துகொண்டே இருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் போதும் என்று விலகிக்கொண்டேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இப்போது காலையில் பைக்கை எடுத்தால் திருநகர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வீடு. காய்ந்த நிலம், திடீரென்று ஒரு சோளக்காடு, அதன் மேல் சரியும் வெயில். வண்டி ஒரு பக்கம் ஓட, மனசு ஒரு பக்கம் எழுதிக்கொண்டே வரும். இதுவும் அப்படிச் சாலையில் எழுதியதுதான்.

எனக்கு இந்த மொழி வந்த கதை பெருமைக்குரியது அல்ல. மருத்துவம் படிக்கத்தான் தாஷ்கண்டுக்குப் போனேன். உடற்கூறு வகுப்பில் மேசையில் கிடந்தவரைப் பார்த்ததும் அவருக்குப் பக்கத்திலேயே தரையில் விழுந்தேன். மூன்று முறை விழுந்த பிறகு பேராசிரியரே என்னைக் கூப்பிட்டு, "நீ வேறு ஏதாவது செய்யேன்" என்று அன்பாகச் சொன்னார். இரண்டரை வருடம் கழித்து, பட்டம் இல்லாமல், அந்த ஊர்ப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"டாக்டருக்குப் படிக்கப் போன பய, வெறும் வாயோடவாடா வந்திருக்க?"

வெறும் வாய்தான். அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

உஸ்பெக் மொழி தமிழர்களுக்குச் சுலபமாகத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. முதல் வாரமே சொந்தக்காரர் போல வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்மைப் போலவே அவர்களும் பெயரின் வாலில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போகிறவர்கள். நம்முடைய 'க்கு' அவர்களிடம் 'கா'. நம்முடைய 'இல்' அங்கே 'தா'. நம்முடைய 'இலிருந்து' அங்கே 'தான்'. விடுதி அறையில் நான் பாடம் படித்த விதம் இதுதான்: உசிலம்பட்டிகா, உசிலம்பட்டிதா, உசிலம்பட்டிதான். ஊருக்குப் போனேன், ஊரில் இருந்தேன், ஊரிலிருந்து வந்தேன். பக்கத்து அறைத் தேனிக்காரன் கதவைத் தட்டி, "என்ன மாப்ள, பஸ்ஸுக்கு ஆள் கூப்புடுறியா?" என்றான். வீட்டு நினைப்பில் அழ வேண்டிய வயது. நான் வேற்றுமை உருபுகளைப் பிடித்துக்கொண்டு நாலாயிரம் கிலோமீட்டரையும் கடந்து தினமும் ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

நாம் இடறுகிற இடம் உடைமை. 'அக்காவோட கண்ணு' என்கிறோம். ஒட்டு அக்காவின் மேல் இருக்கும். கண் வெறுமனே நிற்கும். அவர்களோ அக்காவின் மேல் ஒன்று, கண்ணின் மேல் ஒன்று என்று இரண்டு ஒட்டு போடுவார்கள். கோஸ் என்றால் கண். கோஸிம், என் கண். கோஸிங், உன் கண். கோஸி, அவருடைய கண். கோஸிமிஸ், எங்கள் கண். சட்டைக் காலரில் பெயர் தைத்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் போல, ஒவ்வொரு பொருளும் தன் ஆளைத் தன் மேல் எழுதிக்கொண்டுதான் அங்கே வெளியே கிளம்பும். தமிழ் வாய்க்கு அந்தக் கடைசி ஒட்டு மறந்து போகும். நானும் விடுவேன். அவர்கள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். பேச்சில் விட்டதற்கு ஒரு சிரிப்போடு போயிற்று. வேலையில் ஒரு முறை விட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் என் திமிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பார். நமக்கும் உஸ்பெக்குக்கும் சொற்களின் வரிசை ஏறக்குறைய ஒன்று. எனவே நான் காத்திருக்க மாட்டேன். அவர்கள் பேசப் பேச அரை மூச்சு பின்னால் நிழல் போலப் போவேன். அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்திவிடுவேன். பரிசோதனை அறைப் பிள்ளைகள் எனக்கு 'நான்-ஸ்டாப் அண்ணே' என்று பெயர் வைத்தார்கள். கேட்கக் கூச்சப்படுவது போல நடிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்தத் திங்கட்கிழமை ஃபெர்கானா பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முனவ்வர் என்ற அம்மா, ஐம்பதை நெருங்கும் வயது. ஊரில் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறவர். கூட வந்தவர் அவருடைய கணவரின் அண்ணன், உமர். கணவர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். உமர் எழுபது வயதைத் தாண்டியவர். கறுப்புத் தொப்பி, வெள்ளை மீசை, வண்டிக்காரர் போன்ற கைகள். அண்ணனை அந்த ஊரில் 'அகா' என்பார்கள். நான் 'உமர் அகா' என்று கூப்பிட்டதும் நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னண்ணே, இம்புட்டுப் பெரிய மீசை வச்சவரப் போயி அக்காங்கிறீங்க?"

உமர் அகா ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்து, மீசையைத் தடவி, நர்ஸுக்கு வணக்கம் வைத்தார். அந்த மனிதரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். பிடித்துப்போனதால் அவர் தோளோடு தோளாகப் போய் நின்றுகொண்டேன். பேசுகிறவர் பக்கத்தில் நிற்பதுதான் அதுவரை என் வழக்கம்.

முனவ்வரின் இடது கண்ணில் புரை, மங்கலாகத் தெரியும். வலது கண் பால் ஊற்றியது போல முழுதாக வெளுத்திருந்தது. பரிசோதனை செய்கிற தம்பி இடது கண்ணை மூடச் சொல்லி, வலது கண்ணில் டார்ச் அடித்தார்.

"வெளிச்சம் தெரியுதான்னு கேளுங்கண்ணே."

கேட்டேன். உமர் அகா பதில் சொன்னார். அவர் பேசுவது எனக்குள் எப்போதும் உசிலம்பட்டித் தமிழாகத்தான் விழும்: "இல்லப்பா. எங்க வீட்டுப் பொண்ணுக்கு அந்தக் கண்ணு செத்து ஆறு வருசமாச்சு. எங்க ஊர்லயே சொல்லிட்டாங்க."

"இல்லையாம்" என்றேன்.

முனவ்வர் தலை குனிந்து, தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தம்பி கோப்பில் எழுதினார். வெளிச்சமே தெரியாத கண்ணை அறுப்பதில் பயன் இல்லை. எனவே புதன்கிழமை காலை இடது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. மருத்துவர் நடுவயதுப் பெண், நிதானமானவர். இருப்பதே ஒரு கண் என்பதால் கூடுதலாக ஒரு முறை கேட்டார்: "வலதுல வெளிச்சம்கூட இல்லங்கிறது உறுதிதானே? இடதுல ஏதாவது சிக்கல் வந்தா அவங்களுக்கு வேற கண்ணு இல்ல. ரொம்ப அபூர்வமாத்தான் வரும், ஆனா வரலாம்."

நான் திரும்பக்கூட இல்லை. "உறுதிதான் டாக்டர்" என்றேன். அரை மூச்சுகூடப் பிந்தவில்லை.

மறுநாள் செவ்வாய். அவர்கள் தங்கியிருந்தது பழங்காநத்தத்தில் ஒரு லாட்ஜ். சாயங்காலம் நாலு மணிக்கு, நாளை காலை எத்தனை மணிக்குத் தயாராக வேண்டும் என்று சொல்லப் போனேன். உமர் அகா அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வரட்டும் என்று எதிரில் காதர் பாய் கடையில் டீ சொல்லிவிட்டு நின்றேன்.

காதர் பாய் அப்போதுதான் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் புதிதாகத் தந்தூர் அடுப்பு ஒன்று இறக்கியிருந்தார். மாஸ்டர் பாண்டி பரோட்டாவில் புலி. தந்தூரில் பூனைகூட இல்லை. அவர் ஒட்டுகிற ரொட்டி ஒவ்வொன்றும் சுவரை விட்டு நழுவி நெருப்பில் விழுந்துகொண்டிருந்தது.

"பாண்டி, அடுப்புக்கு ஊட்டி விடுறியா, இல்ல கஸ்டமருக்குச் சுடுறியா?" என்றார் காதர் பாய்.

"பாய், இது ஒட்ட மாட்டேங்குது. நான் என்ன பசையா தடவ முடியும்?"

எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய குரல். "இதுக்குப் பேரு அடுப்பா? இத யாரு இப்படிப் பட்டினி போட்டது?" உஸ்பெக்கில். திரும்பினால் முனவ்வர். லாட்ஜ் வாசலிலிருந்து வாசனை பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்துவிட்டார். இரண்டு நாளாக அவருடன் இருக்கிறேன், அந்தக் குரலை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

"அக்கா என்ன சொல்றாங்கண்ணே?" என்றார் பாண்டி.

"அடுப்பப் பட்டினி போட்டது யாருன்னு கேக்குறாங்க."

"யா அல்லாஹ்" என்றார் காதர் பாய்.

முனவ்வர் ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அடுப்பின் உட்சுவரில் விசிறி அடித்தார். ஆவி குப்பென்று எழுந்தது. கரியை ஏறத் தள்ளச் சொன்னார். கையைச் சொரசொரவென்று மாவில் தேய்த்தார். பிறகு செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தலைத்துணியை இழுத்து, இடது கண்ணை இறுக மூடிக் கட்டிக்கொண்டார். வலது கன்னத்தை அடுப்பு வாய்க்கு நேராகச் சாய்த்து நின்றார்.

"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... பாண்டிகிட்ட சொல்லு, அந்த ஓரத்துல நெருப்பு படுத்துருச்சு, கிண்டச் சொல்லு... ஹா, இப்ப!"

அறைந்தார். ரொட்டி ஒட்டியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. பொன்னிறத்தில் உப்பி வந்த முதல் ரொட்டியைக் காதர் பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாண்டி, "அண்ணே, அக்காவ ரெண்டு மாசத்துக்கு இங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தபடிதான் கேட்டேன்.

"இடது கண்ண எதுக்கு ஓபா கட்டிக்கிட்டீங்க?" ஓபா என்றால் அக்கா.

"நல்ல கண்ண யாராச்சும் நெருப்புல காட்டுவாங்களா? அது ஊசி கோக்குற கண்ணு. இது என் அடுப்புக் கண்ணு."

"அது செத்த கண்ணாச்சே."

"யாரு சொன்னா? அதுக்கு உன் மூஞ்சி தெரியாது, உகாம். நெருப்பு நிமிர்ந்திருக்கா படுத்திருக்கான்னு தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியும்."

உகா என்றால் தம்பி. உகாம், என் தம்பி. போகிற போக்கில் என் மேல் தன்னுடைய ஒட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நேத்து ஏன் சொல்லல?"

"நீ என்னையவா கேட்ட? அகா மூஞ்சியப் பாத்துல்ல கேட்ட."

"நீங்க வாயத் தெறந்திருக்கலாமே?"

"அவர் முன்னாடியா?" தலைத்துணியைக் கழற்றச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

அப்போது உறைத்தது. எங்கள் வீட்டில் பெரியப்பா வாசல்படி ஏறினால் அம்மாவின் பேச்சு பாதியில் நின்றுவிடும். கணவரின் அண்ணன் முன்னால் பேசுவது எங்கள் பக்கமும் வழக்கம் இல்லை. அம்மா கொல்லைப்புறம் போய் என் காதில் சொல்வார், நான் பெரியப்பாவிடம் சொல்வேன். என் முதல் மொழிபெயர்ப்பு வேலை அதுதான் என்று வையுங்கள். நான் இருந்த இடத்தில் வேறு பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் நின்றிருந்தால், 'அந்த அம்மா ஏன் வாயே திறக்கவில்லை' என்று முதல் நிமிடத்தில் கேட்டிருப்பார். எனக்கு அந்த மௌனம் வீட்டுச் சாமான் போலப் பழகியது. அதனால் கண்ணில் படவே இல்லை. மொழி தெரியாததால் வந்த தவறு அல்ல இது. அவர்களை நன்றாகத் தெரிந்ததால் வந்த தவறு.

மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்றேன். முனவ்வர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவர் பொய் சொல்லல. தெரிஞ்சத சொன்னாரு. இம்புட்டுத் தூரம் எதுக்குன்னு ஊரே கேட்டுச்சு, அவருதான் என்னையக் கூட்டிட்டு வந்தாரு. பத்துப் பேர் முன்னாடி அவர் பேச்ச நீ பொய்யாக்குனா, நான் இந்தக் கண்ணும் வேணாம் அந்தக் கண்ணும் வேணாம்னு ஊருக்குப் போயிருவேன். சத்தியமா."

அவர் போவார் என்று தெரிந்தது. அந்தக் குரல் அப்படி.

பைக்கை எடுத்தேன். மணி நாலரை தாண்டிவிட்டது. மருத்துவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். மறுநாள் காலை அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் முதல் பெயர் முனவ்வர். சாலையில் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். பரிசோதனைத் தம்பியைத் தனியாகப் பிடித்து, 'எதுக்கும் இன்னொரு தடவ டார்ச் அடிச்சுப் பாரு தம்பி' என்று சொல்லிவிட்டால் போதும். முடிவு மாறிவிடும். என் 'இல்லையாம்' யார் கண்ணிலும் படாது. நான்-ஸ்டாப் அண்ணே பெயர் கெடாது. ஒரு சிக்னல் தூரம் அந்த யோசனை என்னோடு பில்லியனில் உட்கார்ந்து வந்தது.

ஆனால் தம்பி மறுபடி டார்ச் அடித்தால் மறுபடி யார் பதில் சொல்வார்? உமர் அகாதான். மறுபடி 'இல்லை'தான். என் தவறு என்னவென்று மருத்துவருக்குத் தெரியாவிட்டால், அதே தவறு அதே நாற்காலியில் இன்னொரு முறை உட்காரும். சிக்னல் பச்சை ஆனது. யோசனையை அங்கேயே இறக்கிவிட்டேன்.

மருத்துவர் கையில் கார் சாவியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியபடியே சொன்னேன். தந்தூர், தலைத்துணி, அடுப்புக் கண், எல்லாம். அவர் சாவியை இரண்டு முறை விரலில் சுற்றினார்.

"நேத்து நான் கேட்டப்ப, உறுதின்னு சொன்னீங்களே. அவங்க சொன்னதச் சொன்னீங்களா, அவங்க சொல்லியிருப்பாங்கன்னு நீங்களா நெனச்சதச் சொன்னீங்களா?"

"அவங்க பேசவே இல்ல டாக்டர். கூட வந்தவர் சொன்னதை அவங்க சொன்னதா நான் சொல்லிட்டேன்."

திட்டு விழும் என்று நின்றேன். அவர் திரும்பிப் படியேறத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன். கோப்பை எடுத்து என் முன் போட்டுப் பேனாவை நீட்டினார். "இத உங்க கையாலயே எழுதுங்க. நேத்து வந்த பதில் யாரோட பதில்னு."

எழுதினேன். 'முந்தைய பதில் நோயாளியுடையது அல்ல, உடன் வந்தவருடையது.' என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த வரி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கவிதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"சரி. காலைல ஏழு மணிக்குப் பாப்போம். வெளிச்சம் தெரியுதுன்னா, பெருசா பழுதானது வலதுதான், அதையே முதல்ல செய்யணும். இடது அது பாட்டுக்குப் பத்திரமா இருக்கும்" என்றவர் நிறுத்தினார். "ஆனா அந்தப் பெரியவர் பக்கத்துல இருந்தா இந்தம்மா பேச மாட்டாங்க. அவர வெளிய அனுப்புனா?"

"அவருக்கு அவமானம். அந்தம்மா ஊருக்குப் போயிருவாங்க. பேச வேணாம் டாக்டர். கையக் காட்டச் சொல்லலாமா?"

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "வெளிச்சம் தெரியுதுன்னா அடுத்து அதைத்தான்யா செய்வோம். வெளிச்சம் எந்தப் பக்கம்னு கை காட்டச் சொல்வோம். நீங்க இல்லைன்னு சொன்னதால அந்தப் படிக்கே போகல."

புதன் காலை. அறையில் மருத்துவர், பரிசோதனைத் தம்பி, நர்ஸ், உமர் அகா, முனவ்வர், நான். இந்த முறை முனவ்வரின் நாற்காலிக் கைப்பிடியை ஒட்டி நின்றேன். உமர் அகா நான் தன்னிடம் வராததைப் பார்த்து லேசாகப் புருவம் உயர்த்தினார்.

மருத்துவர் சொன்னார்: "ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாக்குறேன். இந்தச் சோதனை முடியுற வரைக்கும் ரூம்ல யாரும் பேசக் கூடாது. மொழிபெயர்ப்பாளரும் சேத்துத்தான்."

அதை உஸ்பெக்கில் சொன்னேன். வெளிச்சம் வரும் பக்கம் கையைக் காட்ட வேண்டும் என்பதை முனவ்வரிடம் குனிந்து சொன்னேன். உமர் அகா பணிவாக வாயில் விரல் வைத்துக் காட்டினார். விளக்கை அணைத்தார்கள். இடது கண்ணை நர்ஸ் தன் உள்ளங்கையால் நன்றாக மூடினார்.

டார்ச் மேலே எரிந்தது. மடியில் கிடந்த கை அசையவில்லை. அடுப்பின் சூட்டைத்தான் கன்னத்தில் உணர்ந்தாரோ, வெளிச்சம் என்று நான்தான் கதை கட்டிக்கொண்டேனோ? வாயைத் திறந்து 'ஓபா' என்று சொல்ல நாக்கு துடித்தது. பதினேழு வருடத்தில் நான் பேசாமல் இருந்து செய்த ஒரே வேலை அந்த நாலு நொடி.

கை எழுந்தது. மெதுவாக, மேலே.

டார்ச் வலப்பக்கம் போனது. கை வலப்பக்கம் போனது. கீழே, கீழே. இடப்பக்கம், இடப்பக்கம். ரொட்டி மாவு அறைகிற அந்தக் கை இருட்டில் ஒரு பறவை போல வெளிச்சத்தின் பின்னாலேயே போனது. மருத்துவர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா பிடித்தார். கை நடுவில் நின்று தேடியது. பிறகு 'இல்லை' என்று ஆடிவிட்டு மடியில் இறங்கியது.

விளக்கு போட்டதும் உமர் அகா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர். யாரும் அவரைத் தவறு என்று சொல்லவில்லை. அவராகத்தான் என்னைக் கூப்பிட்டுக் காதில் சொன்னார்:

"ஆறு வருசம். நான் ஒரு கழுதை. ஆனா தம்பி, எனக்கு ஒரு பயம். நாஸ் போடக் கூடாதுன்னு வீட்ல எல்லாரும் தடை போட்டாங்க. இவ வலது பக்கமா உக்காந்துதான் நான் ஆறு வருசமா போட்டுக்கிட்டு இருக்கேன். பாத்திருப்பாளோ?"

நாஸ் என்பது அவர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற புகையிலைத் தூள்.

"வெளிச்சம் மட்டும்தான் தெரியும் அகா. நாஸ் தெரியாது" என்றேன். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

அறுவைச் சிகிச்சை அறை வாசலில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகும் முன் எந்தக் கண் என்று நோயாளியே தன் வாயால் சொல்ல வேண்டும். கூட வந்தவருக்கு அந்தக் கோட்டைத் தாண்டி அனுமதி இல்லை. அங்கிருந்த மூத்த சிஸ்டர் கோப்பைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், முனவ்வரின் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "எந்தக் கண்ணும்மா?" நான் மொழிபெயர்க்கும் முன்பே அவர் விரல் வலப்பக்கம் போனது.

"ஓங் கோஸிம்."

என் வலது கண். அந்தச் சின்ன 'இம்' எனக்கு அதற்கு முன் அவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை. சிஸ்டர் வலப்புருவத்தின் மேல் அடையாளம் வைத்தார். அதிலிருந்து என் வழக்கம் இது: ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் அது யார் வாயிலிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிவிடுவேன். ஆள் ஒட்டாமல் எந்தப் பதிலையும் மேசையை விட்டு அனுப்ப மாட்டேன். அந்தப் பென்சில்கள் இடது இழுப்பறையில்தான் இருக்கின்றன.

மறுநாள் காலை கட்டு பிரித்தார்கள். காதர் பாய் அனுப்பிய ரொட்டிப் பொட்டலம் ஜன்னலோரம் இருந்தது. பாண்டி சுட்டது, ஒட்டியிருந்தது. உமர் அகா முனவ்வரின் வலப்பக்கம், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் மூன்று விரலைக் காட்டினார். உமர் அகாவின் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நர்ஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மூணு" என்றார் முனவ்வர். "அந்த மோதிரத்துல ஒரு கல்லு விழுந்திருக்கு, டாக்டரம்மாகிட்ட சொல்லு."

மருத்துவர் தன் விரலைப் பார்த்தார். விழுந்துதான் இருந்தது.

எல்லோரும் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், உமர் அகா நிம்மதியில், பழக்கத்தில், பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். முனவ்வர் தலையைத் திருப்பினார். ஆறு வருடம் கழித்து வலப்பக்கம் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நேருக்கு நேராக ஒரு சொல் பேசாத மூத்தாரிடம், பழங்காநத்தம் கடையில் நான் கேட்ட அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

"அகா, அந்த நாஸ வெளிய கொட்டுங்க."

உமர் அகாவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. புட்டியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, நாலு நாளாகப் பழகிய வழக்கத்தில் கேட்டார்: "என்ன சொல்றா?"

நான் சொன்னேன். அகா, அந்த நாஸை வெளியே கொட்டச் சொல்கிறார்கள். என் பதினேழு வருட வேலையில் உஸ்பெக்கிலிருந்து உஸ்பெக்குக்கு மொழிபெயர்த்தது அன்று ஒரு நாள்தான். முனவ்வர் பேசி முடித்த பிறகே சொன்னேன். ஒட்டு ஒன்றுகூட விடவில்லை.